செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கஞ்சா வரிப் பணமும் நம் உதவிக் கையேடும்

தலைவர், செயற்குழுவினர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, கோடை பிக்னிக், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா ஆகியவை வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டு அதிக உழைப்பு மனநல, போதை மீட்பு உதவிக் கையேட்டுக்கே போனது. "தமிழ்ச் சங்கத்துக்கு இந்த வேலை எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேள்வி வந்ததால், இங்கே விளக்கமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த உதவிகளுக்குப் பணம் வரும் வழியிலிருந்து தொடங்குகிறேன். நாம் வாழும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கஞ்சாவின் சில்லறை விற்பனைக்கு மாநில வரி 17%. நகரங்கள் வாக்காளர் ஒப்புதலுடன் மேலும் 3% வரை போடலாம். 2020 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 110ஆம் தீர்மானம், நிர்வாகச் செலவு போக, காலாண்டுக்கு முதல் 1.125 கோடி டாலரைப் பழைய விகிதத்தில் பிரித்தது: பள்ளிகளுக்கு 40%, மனநலம் மற்றும் மது, போதை சேவைகளுக்கு 20%, மாநிலக் காவல்துறைக்கு 15%, நகரங்களுக்கும் கவுன்ட்டிகளுக்கும் (மாவட்டங்களுக்கும்) தலா 10%, தடுப்புப் பணிக்கு 5%. அதற்கு மேல் வசூலாவது போதை சிகிச்சை, மீட்பு நிதிக்குப் போகும். சிறு அளவு போதைப்பொருள் வைத்திருப்பதற்கான குற்றத் தண்டனையையும் அதே தீர்மானம் நீக்கியிருந்தது.

2024 செப்டம்பர் 1 முதல் போதைப்பொருள் வைத்திருப்பது மீண்டும் குற்றமானதும், "110 போய்விட்டது, பணமும் போய்விட்டது" என்று நம்மவர்கள் பலர் பேசினார்கள். அது தவறு. மாறியது தண்டனைப் பகுதி மட்டுமே, நிதி இருக்கிறது. கவுன்ட்டிதோறும் சேவை வலையமைப்புகள் இயங்குகின்றன. பரிசோதனை, சிகிச்சை, மீண்டவர்களின் துணை, தங்குமிட உதவி ஆகியவற்றை அங்கே கேட்கலாம். இன்சூரன்ஸ் இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் குறையும் உண்டு. வரி விலையின் மேல் விழுகிறது. 10 டாலருக்கு விற்ற கிராம் தந்த வரி 1.70, அதுவே 4 டாலரானால் 68 சென்ட். விளைச்சல் பெருகி விலை சரிந்தால் விற்பனை கூடினாலும் வசூல் குறையலாம். அந்த இழப்பு முதலில் விழுவது வரம்புக்கு மேலுள்ள சிகிச்சைப் பங்கின் தலையில். தொடக்கத்தில் மானியங்கள் போய்ச் சேரவே வெகுநாள் ஆனதை 2023 ஜனவரித் தணிக்கை அறிக்கையும் கண்டித்தது.

நம் குடும்பங்கள் இந்தச் சேவைகளின் வாசலுக்கே போகாததற்கு முக்கியக் காரணம் விசா பயம். அதில் நியாயமும் இருக்கிறது: பெடரல் சட்டப்படி கஞ்சா இன்றும் குற்றம், பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டால் கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பம் சிக்கலாகலாம். ஆனால் போதை சிகிச்சைப் பதிவுகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. சில விதிவிலக்குகள் தவிர, எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அவற்றை வெளியிட 42 சி.எஃப்.ஆர். பகுதி 2 என்ற பெடரல் விதி தடை விதிக்கிறது. கையெழுத்துக்கு நீட்டும் சம்மதப் படிவத்தில் யாருக்கு, எதற்கு, எந்த நாள் வரை என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தற்கொலை, மனநெருக்கடி உதவிக்கான 988 தொலைபேசி எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். சொல்ல வேண்டியதைப் பெற்றோரும் மறைப்பார்கள், பிள்ளையும் மறைக்கும்.

ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு போதைப்பொருள் அளவு மீறி மூச்சுத் தடைபடுவோரைக் காக்கும் நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரே மருந்துச் சீட்டின்றிக் கிடைக்கிறது. பலர் செய்யும் தவறு, வேலை செய்கிறதா என்று முதலில் அழுத்திப் பார்ப்பது. ஒரு குப்பியில் ஒரே வேளை மருந்துதான், அதோடு தீர்ந்துவிடும். ஒரு மூக்குத் துளையில் முழுதாக அழுத்தி, 911ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 2–3 நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் புதிய குப்பியை மறு துளையில் செலுத்துங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள்.

இதை விளக்க நடத்திய கூட்டங்களில் காலி நாற்காலிகளே அதிகம். பொறுப்பேற்ற சிலர் தகவல்கூடச் சொல்லாமல் வராமல் இருந்தது வருத்தம் தருகிறது. பிக்னிக்கில் காட்டிய ஆர்வத்தில் பாதி இதற்கும் வேண்டும்.

வரவு செலவு ஏறத்தாழ சமம்; சிறு இருப்பு உள்ளது, விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். சந்தா பாக்கி மட்டும் கணிசமாக நிற்கிறது. மண்டபம் தந்தவர்கள், சமையல் குழு, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தன்னார்வலர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கையேட்டின் இரண்டாம் பதிப்பும், கவுன்ட்டி கூட்டங்களில் தமிழில் சேவை கேட்டு எழுத்து மனுவும் திட்டத்தில் உள்ளன. தற்போதைய ஆட்களையும் பணத்தையும் வைத்து இரண்டையும் செய்ய இயலாது. மருத்துவத் துறையில் உள்ளவர்கள் இருவராவது திருத்தம் பார்க்க முன்வந்தால் அச்சு வேலையைத் தொடங்கலாம். பெயர் தர விரும்புவோரும் சந்தா பாக்கி உள்ளோரும் இன்றைய பொதுக்குழு முடிவதற்குள் பொருளாளரின் மேசைக்கு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்