பெரிய பிரஷ்ஷை எடு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. அப்பாவும் பார்த்தார். "கோப்பை கோப்பை மாதிரியே இருக்கிறதே" என்றார். அவர் பாராட்டுவது அப்படித்தான், உனக்குத் தெரியாததா. கோப்பை வாயின் நீள்வட்டம் அழகாக விழுந்திருக்கிறது. வரையப் பழகியவர்களே அங்கேதான் தடுமாறுவார்கள். உன் அண்ணனுக்கு இன்றுவரை நேர்கோடே வராது.

ஆனாலும் ஏன் இத்தனை சாம்பல்? அவ்வளவு பெரிய தாளில் ஓர் ஓரமாக ஒற்றைக் கோப்பை. மேசை சாம்பல், சுவர் சாம்பல், நிழல் முழுக்கக் கறுப்பு. போன படத்தில் இரண்டு கோப்பைகள் இருந்தன. சரி, எதை வரைவது என்பது உன் விருப்பம், அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

முதலில் பெரிய பிரஷ்ஷை எடு. தட்டையானது, இரண்டு விரல் அகலத்துக்கு. சின்ன பிரஷ் கையில் இருந்தால் விளிம்பையே தடவிக்கொண்டிருப்பாய். வரைவதற்கு முன் கண்ணைச் சுருக்கிப் பார். பூ வேலைப்பாடு, கைப்பிடி எல்லாம் மங்கி, வெளிச்சம் ஒரு திட்டு, நிழல் ஒரு திட்டு என்று தெரியும். அந்தத் திட்டுகளை முதலில் போட்டுவிடு. மேல் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரே விளக்கை வை. பொருள்களைத் தாளின் ஓரம் வெட்டுகிற அளவுக்குப் பெரிதாகப் போடு. அவற்றுக்கும் இடம் வேண்டும் அல்லவா, ஏன் இப்படி ஒடுங்கிக் கிடக்க வேண்டும்?

நிழலுக்குக் கறுப்பு வேண்டவே வேண்டாம். ஓர் எலுமிச்சையை வைத்துப் பழகு. மஞ்சளோடு துளி ஊதாவைக் கலந்தால் மஞ்சள் அடங்கும், ஆனால் செத்துப்போகாது. அதே ஊதாவைக் கலக்காமல் பக்கத்தில் வைத்தால் இரண்டும் பளீரென்று எரியும். ஓவியர் வான்கா 1886 கோடையில் பாரீஸில் பூச்சாடிகளாக வரைந்து தள்ளியது இதற்காகத்தான்: நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரே பச்சை. அதற்கு முந்தைய வருடம்வரை அவர் படங்களும் மண்ணும் புகையுமாகத்தான் இருந்தன. 1888ல் அதே கைதான் மஞ்சள் பின்னணியில் மஞ்சள் சூரியகாந்தியை வரைந்தது. சாம்பலிலேயே யாரும் இருந்துவிட வேண்டியதில்லை, படத்தில் சொல்கிறேன்.

அக்ரிலிக் வண்ணம் காய்ந்தால் கொஞ்சம் அடர்ந்துவிடும், அதனால் நினைத்ததைவிட வெளிச்சமாகவே கலக்கு. தப்பாகிவிட்டால் காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. பெரிய பிரஷ்ஷால் போடு. பயந்து பயந்து தண்ணீராகப் பூசாதே.

அண்ணன் வந்திருந்தான், மொட்டைமாடி ஒழுகல் விஷயமாக. அதை அப்புறம் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாதியிலேயே போனை வைத்துவிட்டாய். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றால் "ம்" என்கிறாய். படம் மட்டும் வருகிறது, கூட ஒரு வரி இல்லை. பெற்றவளுக்கு ஒரு வரி எழுத அவ்வளவு கஷ்டமா? கோபம் இல்லை. வேலை முடிந்து வந்து, அசதியோடு உட்கார்ந்து நீ வரைகிறாயே, அதை இங்கே வருகிறவர்கள் எல்லோரிடமும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கோப்பைப் படத்தை மட்டும் காட்டவில்லை.

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? விளக்கைப் பக்கவாட்டில் வைக்கச் சொன்னேனே, மறந்துவிடாதே.

ஒன்று சொல்கிறேன். உனக்குத் தோன்றினால் ஒரு தேதியை மட்டும் அனுப்பு, நான் கிளம்பி வருகிறேன். ஏன், எதற்கு என்று நீயும் சொல்ல வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். அப்பாவிடம் பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா

பி.கு.: வெள்ளை டியூப் மட்டும் பெரியதாக வாங்கிக்கொள். அதுதான் முதலில் தீரும்.