பாப்பாவுக்கு, வருஷ ரத்தப் பரிசோதனை பற்றி

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, தம்பி, நான் எல்லோரும் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட நீ வருஷாவருஷம் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று போனில் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, பாத்துக்கிறேன்மா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். வேலைக்கு நடுவே உன்னைப் பிடித்து வைத்துப் பேச எனக்கும் மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம். அவசரமில்லாத நேரத்தில் உட்கார்ந்து முழுவதும் படி. மாப்பிள்ளையிடமும் கொடு.

தீபாவளிக்கு வந்திருந்தபோது நீ ஐஸ் கடித்துக்கொண்டே இருந்ததைக் கவனித்தேன். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்க, நீ ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டிகளைக் கிண்ணத்தில் போட்டு நறநறவென்று கடித்தாய். ஐஸ் தட்டு காலியானதும் தண்ணீர் ஊற்றி மறுபடி உள்ளே வைத்தாய். வெயிலுக்குக் கடிக்கிறாள் என்று உன் அத்தை சொன்னார். வெயிலுக்கு யாரும் ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் கிண்ணத்தோடு நிற்க மாட்டார்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து இறங்கினால் இப்படி ஐஸ் மேல் ஆசை வரும். மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்த காலத்தில் பெண்கள் வார்டில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். மறுநாள் கண்ணில் தூசி என்று நீ வந்து நின்றபோது கீழிமையை இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வெளுத்திருந்தது. கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தாய் என்று கேட்டதற்கு, "ரெண்டு வருஷம் ஒழுங்கா போனேன்மா, எல்லாம் நார்மல். அப்புறம் எதுக்கு?" என்றாய்.

அந்த "அப்புறம் எதுக்கு"தான் என்னைத் தூங்கவிடவில்லை.

நீ ஆபரேஷன் செய்துகொண்டதில் எனக்கு இன்றும் பெருமைதான். வாயைக் கட்ட முடியாமல் கத்தியிடம் போய்விட்டாள் என்று பேசிய சொந்தக்காரர்களுக்கு நான் அப்போதே பதில் சொல்லிவிட்டேன். நம் குடும்பத்தில் சர்க்கரை யாரை விட்டது? உன் தாத்தாவுக்குக் கால் எடுத்தது இதே நோயால். 2019-ல் நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 சதவீதத்துக்கு மேல் நீரிழிவு இருந்தது. மற்ற இனத்தாரைவிட நமக்குத்தான் அதிகம். முப்பது வயதில் இன்சுலின் வரைக்கும் போன நீ, ஆபரேஷனுக்குப் பிறகு ஊசியும் மாத்திரையும் இல்லாமல் நடமாடுகிறாய். அது சின்ன விஷயமில்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

உனக்குச் செய்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். வயிற்றின் மேல்பக்கத்தில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். நீ சாப்பிடுவது மீதி வயிற்றையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடுவதே இல்லை. இரும்பையும் கால்சியத்தையும் உடம்பு முக்கியமாக எடுத்துக்கொள்வது அந்த முதல் பகுதியில்தான். வெளியே தழும்பு ஆறி மறைந்துவிட்டது. உள்ளே வழி மாறியது மாறியதுதான். ஐந்து வருஷம் ஆனாலும் ஐம்பது வருஷம் ஆனாலும், சாப்பாட்டில் கிடைக்காததை மாத்திரையில் கொடுத்தாக வேண்டும்.

முதல் இரண்டு வருஷ ரிசல்ட் நன்றாக இருந்ததற்கும் காரணம் உண்டு. பி12 என்ற வைட்டமினை உடம்பு கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும். புதிதாக ஒன்றும் உள்ளே சேராவிட்டாலும் அந்த இருப்பை வைத்துச் சில வருஷம் ஓட்டிவிடலாம். பாஸ்புக்கைப் பார்க்காமல் சேமிப்பிலிருந்து எடுத்து எடுத்துச் செலவழிப்பது மாதிரி. தீரும்போதுதான் தெரியும், அதுவும் மெதுவாக: பாதத்தில் மரத்துப்போகும், செருப்பு கழன்றது தெரியாது, இருட்டில் நடந்தால் தள்ளாடும், மறதி வரும். உனக்கு முன்பு சர்க்கரை இருந்ததால், கால் மரத்தால் "பழைய சர்க்கரைதான்" என்று நீயும் நினைப்பாய், கிளினிக்கிலும் நினைப்பார்கள். நீ பல வருஷம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவள். அந்த மருந்தே பி12-ஐக் குறைக்கக்கூடியது. நரம்பு ரொம்ப நாள் கெட்டிருந்தால் பிறகு ஊசி போட்டாலும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தால் இந்த நிலைக்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

கால்சியத்தில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. ரிசல்ட் தாளில் "கால்சியம் நார்மல்" என்று வந்தால் திருப்திப்பட்டுவிடாதே. சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து உருவி ரத்தத்தில் அளவைச் சரியாக வைத்துக்கொள்ளும். அதனால் வெயிலில் கிடைக்கும் வைட்டமின் டி, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கவைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல். காலை இருட்டோடு கிளம்பி ஏர்கண்டிஷனில் உட்கார்ந்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்புகிறவளுக்கு, கோலாலம்பூர் வெயில் எவ்வளவு அடித்தும் என்ன பயன்? கால்சியம் மாத்திரையில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்கு. கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், உனக்கு அது குறைவு. ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி. வரை தேவைப்படும். மொத்தமாக விழுங்கினால் உடம்பில் ஏறாது, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிடு. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக்கூடாது, குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு தே தாரிக், அதாவது பால் டீ, வேண்டவே வேண்டாம்.

உன் மேஜையில் அந்தக் கலர் கலரான ஜெல்லி வைட்டமினையும் பார்த்தேன். பல ஜெல்லி வகைகளில் இரும்பு கிடையாது. லேபிளைத் திருப்பிப் படி.

இப்போது நான் அதிகம் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மாதவிலக்கு வலிக்கு உன் கைப்பையில் பொன்ஸ்தான் என்ற வலி மாத்திரை வைத்திருக்கிறாய். பைபாஸ் செய்தவர்களுக்கு அது ஆகாது. பொன்ஸ்தான், புரூஃபென், வோல்தாரன், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே கூட்டம். அந்தச் சின்ன வயிற்றுப் பையும் குடலும் சேர்த்துத் தைத்த இடத்தில் புண் உண்டாக்கும். அது ரத்தம் கசிந்தால் உனக்கு ஏற்கெனவே குறைவாக இருக்கிற இரும்பு இன்னும் இறங்கும். ஓட்டை விழுந்தால் உயிருக்கே ஆபத்து. பக்கத்துக் கிளினிக்கில் பல்வலி, முதுகுவலி என்று போனால் யோசிக்காமல் இவற்றில் ஒன்றை எழுதிக் கொடுப்பார்கள். உன்னைப் பார்த்தால் ஆபரேஷன் ஆனவள் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு டாக்டரிடமும், பல் டாக்டர் உட்பட, முதல் வாக்கியமாக அதைச் சொல். வலிக்குப் பெனடோல் (பாராசிட்டமால்) போட்டுக்கொள். அதில் அடங்காவிட்டால் பெண்கள் டாக்டரிடம் போய், இத்தனை ரத்தப்போக்கு ஏன் என்றே கேள். இரும்பு இறங்க அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வயிற்றுவலியையும் வெறும் வாயுத் தொல்லை என்று ஒதுக்காதே. பைபாஸ் ஆனவர்களுக்கு, நிறைய எடை குறைந்தபின் உள்ளே உண்டாகும் இடைவெளியில் குடல் புகுந்து மாட்டிக்கொள்வது உண்டு. பல வருஷம் கழித்தும் வரும், கர்ப்ப காலத்திலும் வரும். சாப்பிட்டபின் பிசைகிற மாதிரி வந்து வந்து போகும். அப்படியே ஒரு நாள் நிற்காமல் பிடித்துக்கொண்டால், வாந்தியும் சேர்ந்தால், ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதே. நேராக அவசரப் பிரிவுக்குப் போ, "கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்திருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல். எந்தக் காரணத்தாலானாலும் சில நாள் தொடர்ந்து வாந்தி எடுத்தால் பி1 என்ற தயமின் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். இதை மாப்பிள்ளை தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் பேசும் தெம்பு உனக்கு இருக்காது.

சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றுவதாகத் தம்பியிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. அது சர்க்கரை திடீரென்று இறங்குவதாக இருக்கலாம். பைபாஸ் ஆனவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபின் இது தலைகாட்டும். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஷா ஆலாமுக்கு ஃபெடரல் ஹைவேயில் தினமும் நீயே ஓட்டிப்போகிறாய், அதை நினைத்தால் எனக்குக் கை ஓடவில்லை. வெறும் சோறு, ரொட்டி, இனிப்பு என்று தனியாகச் சாப்பிடாமல் முட்டை, மீன், டெம்பே (புளிக்கவைத்த சோயா) இவற்றை முதலில் சாப்பிடு. நடுக்கம் வரும்போது விரலில் குத்திப் பார்த்து எழுதி வை. டாக்டருக்கு அந்த எண்தான் வேண்டும்.

ஆபீஸ் விருந்துகளில் மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு இரண்டு கிளாஸ் தாங்கிய உடம்பு இல்லை இது. வேகமாக ரத்தத்தில் ஏறும். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு குடிப்பழக்கத்தில் சிக்கியவர்கள் அதிகமானதாக ஆராய்ச்சியிலும் கண்டிருக்கிறார்கள். உன் மேல் சந்தேகப்பட்டு எழுதவில்லை.

எடை கொஞ்சம் ஏறியிருப்பதாக வெட்கப்பட்டுத்தான் நீ கிளினிக் பக்கம் போகவில்லையோ என்றும் தோன்றுகிறது. பாப்பா, சில கிலோ திரும்புவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். உன்னை யாரும் திட்டமாட்டார்கள். ஏறும்போதே போனால் வழி இருக்கிறது. குண்டாக இருந்தபோது "குறைக்கக்கூடாதா" என்று கேட்ட அதே வாய்கள் இப்போது "ரொம்ப இளைச்சிட்டியே" என்கின்றன. அவர்களுக்காக ஒரு கவளம்கூட கூடுதலாகச் சாப்பிட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுக்கப்போவதாகச் சொன்னாய். எடு, நானும் கூட நடக்கிறேன். ஆனால் விரதம் முழுக்கச் சைவம் என்றால் புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வருகிறதா என்று கணக்குப் பார். முட்டை மீன் இல்லாமல் டெம்பே, தவ்ஃபூ (சோயாக் கட்டி), பருப்பு, தயிர் என்று சின்னச் சின்ன வேளையாகத்தான் முடியும். 500-க்கும் மேற்பட்ட படி ஏற வேண்டும். வெறும் வயிற்றோடு வேண்டாம். தண்ணீரையும் ஒரே மூச்சில் குடிக்க முடியாதவள் நீ, அதனால் முதல் நாளிலிருந்தே சிறுகச் சிறுகக் குடி. தண்ணீர்ப் பந்தலில் கலர் சர்பத் கொடுத்தால் வாங்காதே, மோர் போதும். முருகனுக்கு உன் உடம்பு தெரியாதா?

நீங்கள் இரண்டு பேரும் குழந்தைக்கு யோசிப்பதாக மாப்பிள்ளை அப்பாவிடம் சொன்னாராம். கேட்டு மனம் நிறைந்தது. காத்திருக்க வேண்டிய 12 முதல் 18 மாதம் எப்போதோ தாண்டிவிட்டது, அதில் கவலையில்லை. ஆனால் இந்தப் பரிசோதனைகளை எல்லாம் பார்த்துச் சரிசெய்துகொண்டபின் ஆரம்பியுங்கள். ஃபோலிக் அமிலம் எவ்வளவு என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேள். வைட்டமின் ஏ, பீட்டா கரோட்டின் வகையாக இருக்க வேண்டும், ரெட்டினால் கர்ப்பத்துக்கு ஆகாது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) கர்ப்பிணிகளுக்கான பிங்க் புத்தகம் கொடுக்கும்போதே பைபாஸ் பற்றி எழுதச் சொல். கர்ப்ப காலத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து எடுக்கும் டெஸ்ட் உனக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்குப் பதில் ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கும் முறை இருக்கிறது, அதைக் கேள்.

இந்த வாரத்துக்குள் அப்பாயின்மென்ட் எடு. ஆபரேஷன் செய்த இடம் தூரம், செலவு அதிகம் என்றால் கிளினிக் கெசிஹாத்தானில் 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கலாம். ரத்த எண்ணிக்கை, இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், கல்லீரல், சிறுநீரகம், மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இவ்வளவும் வேண்டும் என்று இந்தப் பத்தியையே காட்டு. சர்க்கரை இறங்கிவிட்டது என்று கண் பரிசோதனையை விட்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்.

ரிசல்ட் வந்ததும் "எல்லாம் ஓகே" என்று மெசேஜ் போடாதே. முழுத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே கிடந்தால் இருப்பு தீர்கிறது என்று அர்த்தம். மாத்திரையில் ஏறாவிட்டால் இரும்பை டிரிப்பில் ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு லீவு எடுக்க வேண்டியிருந்தால் சொல், நான் பட்டர்வொர்த்திலிருந்து ஈடிஎஸ் ரயில் பிடித்து முதல் நாளே வந்துவிடுகிறேன். அப்பாவுக்குத் தம்பி சமைத்துக் கொடுத்துக்கொள்வான்.

அன்புடன்,
அம்மா