மண் இன்னும் இடியப்ப மாதான்

ஸ்காபரோ, கனடா,
ஏப்ரல் 11

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்குக் குளிரைச் சாட்டலாம், ஆனால் சோம்பல்தான் காரணம். வெங்காயம் நல்ல விளைச்சல், விலைதான் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நாம் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கேட்கிற கதைதானே அது. முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாயா? தண்ணீர் இறைப்பதை மகனிடம் விட்டுவிட்டு, நீ வரம்பில் நின்று ஏசினால் போதும்.

"பனிக்குள்ளே என்ன தோட்டம் கொத்துகிறாய்?" என்று கேட்டிருந்தாய். நக்கல்தான், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

பின்வளவில் பனி உருகி முடிந்து இரண்டு கிழமை. இங்கே மண் உறைகிற ஆழத்தைக் கணக்குப் பார்த்து வீட்டு அத்திவாரத்தையே 4 அடிக்குக் கீழே இறக்குகிறார்கள். அப்படிக் கிடந்த நிலம் மேலே இளகினாலும், அடி இளகும்வரை தண்ணீர் கீழே இறங்காது. எங்கள் வளவு களிமண் வேறு. போன வருஷம் ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டு நாள் நல்ல வெயில் எறித்தது. கை துருதுருத்து மண்வெட்டியோடு இறங்கிவிட்டேன். புரட்டிப் போட்ட கட்டியெல்லாம் காய்ந்து செங்கல். ஆடி மாதம் வரைக்கும் உடைத்துக்கொண்டிருந்தேன். அதில் போட்ட கரட் கீழே போக வழியில்லாமல் இரண்டு கால், மூன்று கால் விட்டு, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

இந்த முறை மண்வெட்டியை எடுப்பதற்கு வீட்டுக்காரியிடம் அனுமதி வாங்க வேண்டும். அவளே ஒரு சோதனை வைத்திருக்கிறாள். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு பெருவிரலால் லேசாகத் தட்ட வேண்டும். புட்டுக்குக் குழைத்த மாவைப்போல உதிர்ந்தால் கொத்தலாம். இடியப்ப மாவைப்போல வழவழவென்று விரலடையாளம் பதிந்து நின்றால் மண்வெட்டியை வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இடியப்பம். நேற்றும் இடியப்பம். பலகை அடித்து ஒரு அடி உயர்த்திய மேடைப் பாத்தி மட்டும்தான் புட்டுப் பதத்துக்கு வந்திருக்கிறது. 8 அடிக்கு 4 அடி, அவ்வளவுதான். உயரத்தில் இருப்பதால் தண்ணீர் வடிந்து முன்னதாகவே சூடேறிவிடுகிறது.

அதற்குள் ஆட்டெரு கலந்து பட்டாணியும் முள்ளங்கியும் போட்டாயிற்று. அதுகளுக்கு லேசான உறைபனி ஒரு பொருட்டில்லை. ஆட்டெரு என்றதும் நம் ஊர்ப் பட்டியை நினைத்துவிடாதே. இங்கே அது கடையில் பிளாஸ்டிக் பையில் வருகிறது, மணமே இல்லை. இரவில் ஆடு அடைக்கிறவரிடம், "எங்கள் காணியிலும் இரண்டு நாள் அடையுங்கோ" என்று உன் ஐயா கெஞ்சிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

கிளறும்போது மண்புழு நிறைய வந்தது. இந்தப் பக்கத்தில் இருந்த புழுவெல்லாம் பனியுகத்தில் அழிந்துபோயிற்றாம். இப்போது தோட்டங்களில் நெளிவது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து ஆட்களோடு வந்து குடியேறிய இனங்கள். எனக்கு முந்திக் கனடா வந்தவர்கள் என்று மரியாதையாக ஓரமாக விட்டேன்.

மிளகாயும் கத்தரியும் இன்னும் வீட்டுக்குள்தான். மார்ச் முதல் கிழமையில் தயிர்க் கோப்பைகளில் துளை போட்டு விதைத்தேன். மிளகாய்க்குச் சூடு வேண்டும் என்று பிரிட்ஜின் தலையில் ஏற்றி வைத்தேன். பதினைந்து நாள் அசைவில்லை. விதை பழுது என்று கொட்டப் போன அன்று காலையில் பார்த்தால், கூனிக்கொண்டு ஒரு முளை, தலையில் விதைக்கோதும் அப்படியே. இப்போது எல்லாம் ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே நிற்கின்றன. வெளிச்சம் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேலே போனால் கன்று நூலாக நீண்டு சரிந்துவிடும். பாசத்தில் தண்ணீரை அதிகம் விட்டதில் ஒரு தட்டு நாற்று அடி அழுகி விழுந்தது. நாற்றுமேடைக்கு எப்படித் தண்ணீர் தெளிப்பதென்று உன் அம்மா எனக்குக் காட்டித் தந்தவர், இதை அவரிடம் சொல்லாதே.

இவற்றை வெளியே நட மே கடைசி ஆகும். மே 25க்கு முன்வரும் திங்கட்கிழமை இங்கே விக்டோரியா நாள், விடுமுறை. அதற்கு முன் கத்தரி, தக்காளி நடாதே என்பது ஊர்வழக்கு. நான் ஒருமுறை மே தொடக்கத்தில் 20 பாகை வெயிலைப் பார்த்து ஏமாந்து நட்டேன். மூன்றாம் நாள் விடிய, கத்தரி இலையெல்லாம் அவித்த கீரை மாதிரித் தொங்கியது. நடுவதற்கு முன்னும் ஒரு கிழமை, பத்து நாள் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே தூக்கிப் பழக்க வேண்டும். நாற்பது கோப்பை, தினமும் இரண்டு தடவை. முழங்கால் நோவு உனக்கு மட்டும் என்று நினைத்தாயா?

அப்புறம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். போன ஐப்பசியில் மேப்பிள் சருகைக் கூட்டி அள்ளி, வேலியோரம் கிடங்கு வெட்டி, உரமாகட்டும் என்று மண்ணுக்குள் தாட்டேன். நம் ஊரில் பனையோலை தாட்ட மாதிரிச் செய்து பார்ப்போமே என்றுதான். நேற்று ஒரு மூலையைக் கிண்டினேன். உக்கவே இல்லை. நனைந்த பழைய பேப்பர்க் கட்டுபோல ஒன்றோடொன்று ஒட்டி, அடையாகக் கிடக்கிறது. புல்லு வெட்டுகிற மெசினால் அரைத்துப் போட்டிருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கென்னவோ கிடங்கின் ஆழத்தில்தான் பிழை என்று படுகிறது. நீ இன்னும் தாட்கிறாய்தானே? ஓலையை வெட்டிப் போடுகிறாயா, முழுசாகவா? எத்தனை முழம் இறக்குகிறாய்? மேலே எவ்வளவு மண் மூடுகிறாய்? மறக்காமல் எழுது. மண் புட்டாகிறதற்குள் பதில் வந்தால் நல்லது.

வருஷப்பிறப்புக்குப் பிள்ளைகளுக்கு என் பேரிலும் கைவிசேஷக் காசு கொடுத்துவிடு, கணக்கைப் பிறகு பார்ப்போம்.

உன்
பள்ளிக்கூடத்துப் பக்கத்து வாங்குக்காரன்