பாட்டிக்கு யார் புரவலர்?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மகன் மறுபடியும் வேலை மாறிவிட்டான். இவர் வழக்கம்போலச் செய்தித்தாளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். உன் நாத்தனார் கதையைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த அம்மாளை நம் வார்டனிடம் ஒரு வாரம் ஒப்படைத்திருந்தால் போதும், எல்லாம் சரியாகியிருக்கும். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி வம்பு.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், ஒன்று எழுதியிருக்கிறாய். யாருமே இல்லாத ஒரு குழந்தையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறாயாம். பெண் குழந்தையாக இருக்க வேண்டுமாம், ஏழெட்டு வயதுக்குள், நன்றாகப் படிக்கிற, சிரித்த முகம். புகைப்படம் முதலில் வர வேண்டும், மாதம் ஒரு கடிதம் கட்டாயம். எங்கள் குழுவின் செயலாளரிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று உங்கள் தோழி எழுதவில்லையே" என்றார்.

கோபித்துக்கொள்ளாதே. நீ மட்டுமல்ல, வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் கேட்கிறார்கள். விளைவு என்ன தெரியுமா? சிரிக்கிற சின்னப் பெண் குழந்தைகளுக்கு உடனே புரவலர் கிடைத்துவிடுகிறார். மீசை அரும்பிய, கேமராவை முறைத்துப் பார்க்கிற பதின்மூன்று வயதுப் பையன் பட்டியலின் அடியிலேயே கிடக்கிறான். உனக்காக நான் எடுத்து வைத்திருப்பது அப்படி ஒரு முறைக்கிற பையனைத்தான். அவனுக்கு ஒரு தங்கையும் உண்டு. ஆனால் அவர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்களுடைய பாட்டியைப் பற்றிப் பேச வேண்டும். ‘யாருமே இல்லாத குழந்தை’ என்று நீ எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்கு எரிந்தது. பாட்டி இருக்கிறாள். தாத்தா இருக்கிறார். யுனிசெப் கணக்கில் பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தையையும் அநாதை என்றுதான் எழுதுகிறார்கள். இருவரையும் இழந்த குழந்தைகளிலும் மிகப் பலர் சொந்தக்காரர்கள் வீட்டில்தான் வளர்கிறார்கள். யாருமே இல்லாத குழந்தை நம் கற்பனையில் இருக்கிற அளவுக்கு உலகத்தில் இல்லை.

படிவம் நிரப்ப அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். பாட்டிதான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். வயதைக் கேட்டபோது மட்டும் இரண்டு முறை இரண்டு எண் சொன்னாள், இரண்டையும் நாங்கள் நம்பவில்லை. தாத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வாயே திறக்கவில்லை. ஊமையோ என்றுகூட நினைத்தேன். கிளம்பும்போது பையன் கூடவே வந்தான். "தாத்தா பேசினால் இருமல் வந்துவிடும். இருமினால் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள் என்று பாட்டி பேசக் கூடாதென்று சொல்லிவிட்டது" என்றான். நோயாளி என்று எழுதிக்கொண்டால் ‘இவர்களால் வளர்க்க முடியாது’ என்று முடிவு கட்டிப் பிள்ளைகளை விடுதிக்குக் கொண்டுபோய்விடுவோம் என்ற பயம். உதவி செய்யப் போன எங்களுக்குப் பயந்து ஒரு கிழவர் அவ்வளவு நேரமும் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் பயம் வீணானதும் அல்ல. வறுமையைக் காட்டிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதியில் சேர்ப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு பற்றி ஐ.நா. பொதுச்சபை 2009-இல் வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. வறுமை ஒன்றை மட்டுமே காரணமாக வைத்துக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அறிகுறியாகத்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அந்தத் தாத்தாவிடம் இதை யார் போய்ச் சொல்வது? சொன்னாலும் நம்புவாரா?

இன்னொன்றையும் பார்த்தேன். பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. மாத்திரை அட்டைகளின் மூலையில் பையன் பேனாவால் சூரியனும் பிறையும் வரைந்து வைத்திருக்கிறான், காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. பிறகு அதுவும் பாட்டிக்குத் தெரியாமல் போயிருக்கிறது போலும், காலை அட்டையில் மட்டும் ரப்பர் வளையம் சுற்றியிருந்தான். தடவிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? டப்பாவுக்குள் அரை அரையாக உடைத்த மாத்திரைகள் கிடந்தன. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ரத்த அழுத்தத்துக்கு ஒரே மாத்திரையாம். மாதக் கடைசியில் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் படிவத்தில் கல்விக் கட்டணத்துக்குக் கட்டம் இருக்கிறது. சீருடைக்கு, நோட்டுப் புத்தகத்துக்கு, பள்ளிக்குப் போய்வரும் பஸ்ஸுக்குக்கூட இருக்கிறது. பாட்டியின் மாத்திரைக்குக் கட்டம் இல்லை.

என் புகார் இவ்வளவுதான். பிள்ளைக்குப் புரவலர் கிடைக்கிறார், பிள்ளையைத் தாங்குகிறவளுக்குக் கிடைப்பதில்லை. பாட்டி விழுந்தால் மறுநாளே அந்தப் பையனின் படிப்பு நின்றுவிடும், கட்டணம் கட்டியிருந்தாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி. தண்ணீர் எடுக்க, தாத்தாவைக் கவனிக்க, தங்கையைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் நின்றுவிடுவான். கண்புரை அறுவை சிகிச்சை அரை மணி நேர வேலை. அதைச் செய்தால் பையனுக்குத் தினமும் எவ்வளவு நேரம் மிச்சமாகும் தெரியுமா? இது படிப்புச் செலவு இல்லையென்றால் வேறு எது படிப்புச் செலவு?

நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று நினைப்பாய், எனக்குத் தெரியும். அதனால் உன் மொழியிலேயே பேசுகிறேன். எஸ்தர் டுஃப்லோவைத் தெரியும் அல்லவா, 2019-இல் பொருளாதார நோபல் பெற்றவர்களில் ஒருவர். நிறவெறி ஆட்சி முடிகிற காலத்தில் தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் கறுப்பின மக்களுக்கும் முழுமையாக விரிந்தது. அந்தப் பணம் வந்த வீடுகளில் வளர்ந்த குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் வைத்து அவர் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார். பாட்டியின் கைக்குப் பணம் வந்த வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் கூடியிருந்தன. தாத்தாவின் கைக்கு வந்த வீடுகளில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. (இதை இவரிடம் வாசித்துக் காட்டினேன். செய்தித்தாளைத் தாழ்த்தவே இல்லை.) கவனி, அந்தப் பணம் குழந்தைக்கென்று ஒதுக்கப்பட்டதே அல்ல. கிழவிக்கென்று கொடுத்ததுதான் பேத்தியின் உடம்பில் போய்ச் சேர்ந்தது.

அதற்காகக் குழந்தைப் புரவலர் முறையே வீண் என்று சொல்லவில்லை. 1937-இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, பெற்றோரைப் பிரிந்து தவித்த பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளரும் அவர் நண்பரும் தொடங்கிய ஏற்பாடுதான் இன்று பிளான் இண்டர்நேஷனல் என்ற பெரிய நிறுவனமாக நிற்கிறது. தூரத்தில் இருக்கிற ஒருவர் பணமும் அனுப்ப வேண்டும், கடிதமும் எழுத வேண்டும் என்ற யோசனை அப்போதே இருந்தது. பலன் உண்டா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கம்பாஷன் இண்டர்நேஷனல் என்ற இன்னொரு குழந்தைப் புரவலர் நிறுவனத்தின் மூலம் உதவி பெற்று வளர்ந்தவர்களை இந்தியா, கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ், குவாத்தமாலா, பொலிவியா ஆகிய 6 நாடுகளில் தேடிப் பிடித்து, வைடிக் என்ற பொருளாதார அறிஞரும் சகாக்களும் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உதவி பெற்றவர்கள் சராசரியாக ஓராண்டுக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். அதன் பிறகு ஜகார்த்தாவின் குடிசைப் பகுதிப் பிள்ளைகளிடம் வண்ணப் பென்சில்களைக் கொடுத்துத் தங்களையே வரையச் சொன்னார்கள். உதவி பெறும் பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கையும் மகிழ்ச்சியும் கூடுதலாகத் தெரிந்தன. ஆகவே யாரோ ஒருவர் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது பிள்ளையின் மனதுக்கு ஏதோ செய்கிறது. உன் மாதக் கடித ஆசைக்கு இந்த அளவு சலுகை தருகிறேன்.

ஆனால் பதில் கடிதத்தை எதிர்பார்க்காதே. பிள்ளைகள் எழுதும் கடிதங்களைப் பிரித்து அனுப்புவது என் வேலை. ‘அன்புள்ள புரவலர் அவர்களுக்கு, நான் நலம், நீங்கள் நலமா, உங்கள் உதவிக்கு நன்றி’ என்று கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிய கடிதங்கள் கட்டுக் கட்டாக வரும். நம் பையன் அதை எழுத மறுத்துவிட்டானாம். வற்புறுத்திய பிறகு, "எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். நேற்று மழை பெய்தது" என்று முடித்துவிட்டான். அந்த நிமிடமே இவன் உனக்குத்தான் என்று முடிவு செய்தேன். மூன்றாவது ஜன்னல் விவகாரத்தில் நீ எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதமும் இதே நீளம்தான்.

பரிசு அனுப்பும் யோசனையையும் கைவிடு. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது ஒருவனுக்கு மட்டும் புதுப் பை வந்தால் என்ன நடக்கும் என்று, அக்காவோடு வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் பையன் தாயை இழந்தவன் என்று எங்கள் கோப்பில் இருக்கிறது. பள்ளியில் சொல்கிறார்கள், அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அந்தக் கிழவி மகளை இழந்தவள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெற்ற மகளுக்கு அழுது தீர்ப்பதற்குள் அவள் பிள்ளைகளுக்கு உலை வைக்க வேண்டியதாகிவிட்டது. இறப்புச் சான்றிதழில் மகளின் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பள்ளிச் சான்றிதழிலுள்ள பெயரோடு பொருந்தவில்லை. அதைத் திருத்தாமல் பாட்டியைச் சட்டப்படிப் பாதுகாவலர் என்று பதிவு செய்ய முடியவில்லை. அந்தப் பதிவு இல்லாததால் பையன் பெயரில் வங்கிக் கணக்கும் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் ‘இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?’ என்று கேட்கிறார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் ‘மகள்’ என்று சொல்கிறாள். கூடப் போன நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சரி, எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியை மறைக்கிறேன் என்பாய். எங்கள் பொருளாளர் கறாரானவர், நல்லவர். ‘குழந்தைக்கென்று கொடுத்த பணம் குழந்தைக்குத்தான். பெரியவர்களுக்குச் செலவழிக்கத் தொடங்கினால் நாளைக்கு யார் யாருக்கோ போகும்’ என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. வேறொரு வீட்டில் உதவித்தொகை வரத் தொடங்கிய பிறகு, அதுவரை தலைகாட்டாத மாமா ஒருவர் முளைத்தார். பாட்டிக்குக் கண் தெரியாது, கையெழுத்துப் போடத் தெரியாது, அவர் காட்டிய இடத்தில் எல்லாம் பெருவிரல் வைத்திருக்கிறாள். அதனால் பணத்தை மொத்தமாகக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மருந்துக் கடையில் நேரடியாகக் கட்டலாம், கண் மருத்துவமனையில் நேரடியாகக் கட்டலாம். ஆனால் செய்ய வேண்டும். தூணைக் கரையான் அரிக்க விட்டுவிட்டுக் கூரைக்கு வர்ணம் பூசுகிற காரியம் எனக்குப் பிடிக்கவில்லை.

பாட்டியிடம் கேட்கவே நாக்கு எழாத கேள்வி ஒன்றும் இருக்கிறது. ‘உங்களுக்குப் பிறகு?’ நான் கேட்பதற்குத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவளே சொல்லிவிட்டாள். இளைய மகள் ஒருத்தி இருக்கிறாளாம், வருத்தம் காரணமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம், ‘ஆனால் பிள்ளைகளை விட மாட்டாள்’ என்றாள். அந்த இளைய மகளை இப்போதே தேடிப் பேச வேண்டும். பாட்டி படுத்த பிறகு தேடினால் விடுதிதான் முதலில் வந்து நிற்கும். பயணச் செலவுக்கும் படிவத்தில் கட்டம் இல்லை என்பதை நீயே ஊகித்திருப்பாய்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. நீ ஒதுக்கியிருக்கும் தொகையில் பாதி, அண்ணன் தங்கை இருவரின் படிப்புக்கு. மறுபாதி அந்த வீட்டின் மருந்துக்கும் கண் சிகிச்சைக்கும் ஓடியாடுகிற செலவுக்கும். பையனுக்குப் பதினெட்டு ஆனதும் கைகழுவாமல், அவன் ஒரு தொழில் கற்று முடிக்கும்வரை. நடுவில் நிறுத்துவாய் என்றால் இப்போதே சொல்லிவிடு, வருத்தப்பட மாட்டேன். ஆரம்பித்துவிட்டு நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். பாதியில் விட்டுப்போன புரவலர்களின் பிள்ளைகள் ‘நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?’ என்று எங்களிடம் கேட்கிறார்கள்.

பொருளாளர் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறார். புரவலர் எழுத்துமூலம் சம்மதித்தால் பெரியவர்களுக்கும் செலவழிக்கலாமாம். குழுக் கூட்டம் அடுத்த மாத முதல் வாரத்தில். அதற்குள் ஒரு சம்மதக் கடிதம் எழுதி அனுப்பு. பாட்டி, தாத்தா இருவரையும் சேர்த்துக் குறிப்பிடு, ‘குடும்பம்’ என்று மொட்டையாக எழுதினால் அவர் ஆயிரம் சந்தேகம் கிளப்புவார். தட்டச்சு செய்து கையொப்பம் மட்டும் போடு தாயே, உன் கையெழுத்தைப் படிக்க இங்கே ஆள் கிடையாது.

உன்
கணக்குப்பிள்ளை