இந்த முறை பார்சல் வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. மூன்று நாளாக இங்கே மழை மூட்டம், துணி காயவில்லை. மற்றபடி நலம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் "அந்த ஊர்ல ஒத்தையா இருந்துட்டு என்னம்மா பண்ற, பேசாம ஓசூருக்கு வந்துடு" என்றாய். பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. சிக்னல் இருந்திருந்தாலும் எனக்கு அப்போது வார்த்தை வந்திருக்காது. யோசித்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஹோட்டலில் சாப்பிடுகிறேன். தனியாக.

உனக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. எனக்கு 61 வயது. அப்பா இருந்தவரை கோத்தகிரியில் எந்த ஹோட்டலிலும் நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஊருக்குப் போகும்போது மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி, கல்யாண வீட்டில் பந்தி, அவ்வளவுதான். அப்பாவைக் குறை சொல்லவில்லை. சம்பள நாளில் மறக்காமல் ரவா ரோஸ்ட் பார்சல் வாங்கி வருவார். உனக்கும் நினைவிருக்கும். குளிரில் அந்த மேட்டை ஏறி வீட்டுக்கு வருவதற்குள் அது இலையோடு ஒட்டி நமத்துப் போயிருக்கும். நாம் மூன்று பேரும் அதைப் பிய்த்துத் தின்போம். முறுமுறுவென்று ஒரு ரவா ரோஸ்டை நான் தின்றதே இல்லை என்பது போன வருஷம்தான் எனக்கு உறைத்தது.

பி.எஃப். பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜான்ஸ்டன் சதுக்கம் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஹோட்டல் வாசலில் ஒதுங்கினேன். உள்ளேயிருந்து ஒரு தம்பி, "நனையாதீங்கம்மா, உள்ள வாங்க, எத்தனை பேர்?" என்றான். "ஒருத்திதான்" என்று சொல்லத் தொண்டையை அடைத்தது. சுவரோரமாக ஒரு மேஜை கிடைத்தது. வீட்டில் காலையில் வடித்த சோறு இருக்கிறதே, இது எதற்கு வெட்டிச் செலவு என்று மனசு அடித்துக்கொண்டது. சுற்றிப் பார்த்தேன். தோட்ட வேலை முடித்து வந்த மூன்று பெண்கள் டீயும் பஜ்ஜியுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். காலேஜ் பிள்ளை ஒருத்தி போனைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோஸ்ட் வந்தது. தட்டைவிடப் பெரிது. ஓரமெல்லாம் வலை பின்னின மாதிரி ஓட்டை, நடுவில் பொன் நிறம், அங்கங்கே உடைத்த மிளகும் இஞ்சித் துண்டும். விரல் பட்டதும் நொறுங்கியது, அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. தேங்காய்ச் சட்னியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைசித் துணுக்குவரை அவசரப்படாமல் சாப்பிட்டேன். கல்லாவில் பணம் கட்டும்போது கண் கலங்கிவிட்டது பாப்பா. 31 வருஷம் டீ ஃபேக்டரி ஆபீசில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் சம்பளக் கணக்கு எழுதினேன். எனக்கென்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நான் கணக்கு எழுதினதில்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் வெளிச் சாப்பாடுதான். ஊரும் அதற்கு ஏற்ற மாதிரி வளர்ந்திருக்கிறது. நீ பிளஸ் டூ படித்த காலத்தில் டானிங்டன் பக்கம் ஏழு மணிக்கு மேல் ஆளரவம் இருக்காது. இப்போது பீட்சா, மோமோ, கஃபே என்று ஏதேதோ வந்துவிட்டன. நான் எல்லாவற்றையும் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கிறேன். மோமோ பிடித்தது, பீட்சா பிடிக்கவில்லை.

ஒரு கஃபேயில் மட்டும் மனசு வலித்தது. பெயர் வேண்டாம். டீ 120 ரூபாய். வெதுவெதுப்பான தண்ணீரும், பக்கத்தில் நூல் கட்டிய ஒரு பையும் வந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டம்! எழுந்து வந்துவிடாமல், பரிமாறின பெண்ணைக் கூப்பிட்டுப் பேசினேன். அவளுடைய அம்மாவும் இலை பறிக்கிறவள்தான். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், நல்ல இலைத் தூளாக இருந்தால் நாலு நிமிஷம் மூடி வைக்க வேண்டும் என்று சொன்னேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனியில் கொழுந்து மெதுவாக வளரும், வாசனை கூடுதலாக இருப்பது அந்த இலையில்தான், முதலாளியிடம் சொல்லி அதைக் கேட்டு வாங்கி வை என்றும் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது பீங்கான் ஜாடியில் மூடி போட்டுக் கொண்டுவந்தாள். ஊற்றும்போதே அந்த வாசம். என் ஃபேக்டரி நாள் முழுக்க என்னோடு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மற்ற நாளில் சாயங்காலம் பேக்கரிக்குப் போய் நாலே நாலு வர்க்கி வாங்குவேன். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரியுமல்லவா? விறகு அடுப்பிலிருந்து தட்டு இறங்குகிற நேரம் பார்த்துப் போனால் தெரு முனையிலேயே மணம் வந்துவிடும். பார்சல் என்றால் தூக்குப்போசியோடுதான் போகிறேன். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் எல்லோருமே பாத்திரமோ துணிப்பையோ வைத்திருக்கிறார்கள்.

பொழுதுபோக்கு என்று கேட்டால், பறவை. சிரிக்காதே. ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வனத்துறை அனுமதியோடு லாங்வுட் சோலைக்குப் போகிறோம். சுமார் 116 ஹெக்டேர் காடு. சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிதண்ணீர் அங்கே ஊறுகிற ஊற்றிலிருந்துதான் போகிறது. 2024-ல் அதை ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். நம் வீட்டுக்குப் பின்னால் காலையில் யாரோ கெக்கெக்கென்று சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருமே, சின்ன வயதில் நீ பயந்து என் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாயே, அதைக் கண்டுபிடித்துவிட்டேன். நீலகிரிச் சிரிப்பான். வெள்ளைப் புருவம், செங்கல் நிற வயிறு. இந்த நீலகிரி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. நாற்பது வருஷம் அதன் குரலைக் கேட்டிருக்கிறேன், முகத்தைப் பார்த்தது இப்போதுதான். முள்பழச் செடியில் உட்கார்ந்து பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. பைனாகுலரில் அதன் கண் என் கண்ணுக்கு நேராக வந்தபோது மூச்சுவிடவே தோன்றவில்லை. பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறதல்லவா, இந்த வருஷம் நானும் எழுதினேன். 15 நிமிஷம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் குறிக்க வேண்டும். கணக்கு எழுதின கைதானே.

மற்ற காலைகளில் கன்னேரிமுக்குவரை நடை. 1819-ல் மலையேறி வந்த கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டின பங்களாவரை போய்த் திரும்புவேன். சனிக்கிழமை காந்தி மைதானத்தில் பையன்கள் கால்பந்து ஆடுவதைப் பார்ப்பேன்.

கரடியைப் பற்றி நீ பயப்படுவது சரிதான், மறைக்க மாட்டேன். ஹோட்டல் பெருகப் பெருகக் கழிவும் பெருகுகிறது. எண்ணெய் வாசமும் பேக்கரி வாசமும் கரடியைக் காட்டிலிருந்து இழுத்துவிடும். நம் சந்துக்குப் பின்னால் ஒரு கடைக்காரர் மிச்சச் சோற்றைத் திறந்தவெளியில் கொட்டி வந்தார். ஒரு ராத்திரி கரடி எங்கள் படிவரை வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அது மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டேன். மறுநாள் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து போய்ப் பேசினோம். முதலில் முறைத்தார், பிறகு மூடி போட்ட இரும்பு டிரம் வைத்தார். அதன் பிறகு கரடி வரவில்லை. ஆறு மணிக்கு மேல் நான் தனியாக நடப்பதில்லை, போதுமா?

ஓசூர் வீடு நல்ல வீடுதான். மாப்பிள்ளையும் என்னைத் தாங்குகிறார். ஆனால் அங்கே நான் காலையில் எழுந்ததும் உங்கள் டிபன் டப்பாவை நிரப்பப் போய்விடுவேன், நீ வேண்டாம் என்றாலும் என் கை நிற்காது. எனக்கு என்ன பிடிக்கும் என்பது இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. இன்னும் கொஞ்ச நாள் எனக்கு இங்கே வேண்டும். உடம்பு முடியாமல் போனால் நானே கூப்பிடுவேன். அம்மா உனக்குத் தருகிற வாக்கு இது.

நீ கேட்ட ஹைட்ரேஞ்சியா விஷயம்: இங்கே நீலமாகப் பூத்தது அங்கே ரோஸாகப் பூப்பது நோய் இல்லை. நம் மண்ணில் புளிப்பு அதிகம், அதனால் நீலம். கொஞ்சம் படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து அவ்வப்போது ஊற்று, மெல்ல மாறும். மாறாவிட்டாலும் செடியைப் பிடுங்காதே, ரோஸும் அழகுதான்.

அடுத்த மாதம் காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்துக்கொள், உன் வண்டி நம் நீலகிரிப் பதிவான டி.என். 43 இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்துவிடு. நேராக வீட்டுக்கு ஏறாதே, ஜான்ஸ்டன் சதுக்கத்தில் நிற்கிறேன். அந்தச் சுவரோர மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ரவா ரோஸ்ட் சாப்பிடுவோம். பணம் நான் கட்டுவேன்.

அன்புடன்,
அம்மா