இடாப்பில் வெட்டின பேர்

அக்கா,

பள்ளிக்கூட மலருக்கு வரலாறு எழுதிக் கொடுத்துவிட்டேன். பங்குச் சுவாமிக்குப் பிடித்திருக்கிறது. 1960இல் சிறிமாவோ அரசாங்கம் சபைகள் நடத்திய, அரச உதவி பெறும் பள்ளிகளைப் பொறுப்பெடுத்தது, மறுவருஷச் சட்டத்தில் கட்டடமும் காணியும் கைமாறியது, கரையோரத்தில் தாய் தகப்பன்மார் பள்ளிக்குள்ளேயே போய்ப் படுத்து மறியல் செய்தது, எல்லாம் எழுதினேன். உன்னை எழுதவில்லை.

தகவல் தேடப் போனபோது பிள்ளைகளைச் சேர்க்கும்போது பேர் பதியும் பழைய சேர்விடாப்பைக் கையில் கொடுத்தார்கள். 1974. உன் பேருக்கு மேல் சிவப்பு மையில், அடிமட்டம் வைத்து இழுத்த நேர்கோடு. பக்கத்தில் 'விலகல்' என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாம் வகுப்போடு சரி என்பதால்தானே கோயில் பள்ளிக்கு நடந்தோம். அன்றைக்கும் நடந்தோம், அப்பாவும் கூட வந்தார். "நல்லாப் படிக்கிற புள்ள, ஏன் நிப்பாட்டுறீங்க?" என்று பெரிய மாஸ்டர் கேட்டதற்கு அப்பா தலையை நிமிர்த்தவேயில்லை. நீதான் பேசினாய். சுவரில் குத்தியிருந்த, நீ வரைந்த இலங்கைப் படத்தைத் தருவீர்களா என்று கேட்டாய். மாஸ்டர் நாலு ஊசியையும் பிடுங்கிக் கொடுத்தார். அந்தப் படத்தில்தான் என் கணக்குக் கொப்பிக்கு உறை போட்டாய், மகாவலி பின்னட்டையில் ஓடியது. அந்த வாரமே, காலையில் தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் உன் பேர் பதிந்தார்கள்.

மன்னித்துக்கொள் அக்கா. ஆனால் எனக்கு எட்டு வயது, என்னால் என்ன செய்திருக்க முடியும்? மாவுக்கும் வழியில்லாத வருஷம் அது, ஒரு ஆள் சம்பளம் கூட வந்தால்தான் அடுப்பு எரியும் நிலைமை. நான் கேட்டா நீ நின்றாய்? அம்மாவின் முப்பத்தோராம் நாளில் அத்தனை பேர் முன்னால் நீ என்னைச் சொன்னது இன்னும் உள்ளே கிடக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன், உன் பிள்ளைகளும் வாசிப்பார்கள். நீ சொன்னது பொய்யில்லை, அதுதான் கூட வலித்தது. கொழுந்துக் கூடையோடு நீ பாதையோரம் நிற்கும்போது வெள்ளைச் சட்டையில் நான் தலையைக் குனிந்துகொண்டு போன நாட்களும் உண்டு, நீ பார்த்தாயா என்று இதுவரை கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையைத் திருப்பி வாங்கிவிட்டேன். உன்னைச் சேர்க்காமல் கொடுக்கப் போவதில்லை. எந்தப் பேரைப் போட? இடாப்பில் ஞானஸ்நானப் பேர் இருக்கிறது, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் கணக்கப்பிள்ளை பிழையாக எழுதின பேர், அதில்தானே உனக்குச் சேமலாப நிதியும் வந்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்கு முன்னே ஒரு கோல் எடு.