தோட்டத்துப் பூக்கள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. தேர்விலும் விளையாட்டிலும் கலை நிகழ்ச்சிகளிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

நம் தோட்டத்துச் செம்பருத்தியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். போன வருடம் ஆடியில் நீங்கள் கொடுத்தனுப்பிய குச்சிகள் வேர்பிடித்து இப்போது தினமும் பூக்கின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் காம்பு, பச்சைப் புல்லி, மகரந்தத் தண்டு எல்லாவற்றையும் கிள்ளிவிட்டு, ஐந்து இதழ்களை மட்டும் வெந்நீரில் போட்டுச் செம்பருத்தி டீ தயாரித்தார்கள். மங்கலாக ஊதா நிறத்தில் இருந்த தண்ணீர், எலுமிச்சைச் சாறு விழுந்ததும் பளிச்சென்று சிவந்தது. அன்று வகுப்பே ஆரவாரித்தது.

அந்த ஆர்வம்தான் இப்போது எனக்குக் கவலை. சென்ற வாரம் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி சாலையோரத்தில் பறித்த பூவைக் கைக்குள் பொத்தி வந்து, "டீச்சர், இதுலயும் டீ போடலாமா?" என்று கேட்டாள். கையைத் திறந்தால் அரளி. அரளியில் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விஷம். இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அவள் கேட்டதால் தப்பித்தோம். கேட்காமல் வாயில் போடுகிற குழந்தையும் உண்டு.

இன்னொன்று. மாலையில் பிள்ளையை அழைக்க வந்த ஒருவர், செடியில் மாவுப்பூச்சி இருப்பதைப் பார்த்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பூச்சிமருந்தை அடித்திருக்கிறார். அக்கறையால் செய்ததுதான், புரிகிறது. ஆனால் மறுநாள் அந்தப் பூவைத் தின்னப்போவது உங்கள் பிள்ளை. பள்ளிச் செடிகளுக்கு ஆசிரியரைக் கேட்காமல் யாரும் எந்த மருந்தும் அடிக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க முடியாது. மருந்து பட்ட கிளைகளை வெட்டிவிட்டோம். இனி வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து நாங்களே தெளித்துக்கொள்கிறோம். புதுத் துளிரில் பூ வரும்வரை யாரும் பறிக்க வேண்டாம்.

வீட்டிலும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பெரியவர்கள் பார்த்துக் கொடுக்காத எந்தப் பூவும் வாய்க்குப் போகக் கூடாது. கடையில் பூஜைக்கு வாங்கிய பூவும் வேண்டாம். அதில் என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

குச்சி கொடுத்தவர்களுக்கும், வேலி கட்ட உதவியவர்களுக்கும், விடுமுறை நாளிலும் வந்து தண்ணீர் ஊற்றும் பாட்டிக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த பருவத்துக்கு ஒற்றையடுக்குச் சிவப்புச் செம்பருத்தி இன்னும் பத்துக் குச்சி தேவை. பென்சில் பருமனில், அரையடி நீளம் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்